பைதகரஸுக்குக் கண்ணீர் அஞ்சலி

அந்த வெள்ளிக்கிழமை காலை பரிஸ் லா சப்பலில் தூறல். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, குடை விரிக்கப் பஞ்சிப்பட்டு, சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்தேன். காய்ச்சலில் கிடந்து எழும்பிய உடம்பு. மரக்கறிக் கடை வாசலில் கறிவேப்பிலைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசத்துக்கு அடைத்திருந்த மூக்கு கொஞ்சம் திறந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

கடைக் கண்ணாடியில் பைதகரஸ் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்.

நீலக் கழுத்துப்பட்டி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. பின்னால் வெள்ளை முகில். தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் "கண்ணீர் அஞ்சலி."

"ஐயோ, கோதாரி!" என்று நடுத்தெருவில் கத்திவிட்டேன்.

மரக்கறிக் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "வசந்தி அக்கா, எனக்கு நேற்றுப் பின்னேரம்தான் தெரியும். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ. உங்களுக்கு என்ன முறை?"

"ஆர்?"

"மோசம் போனவர்."

முறையாம் முறை! எப்போதோ இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன் செத்துப்போன கிரேக்கக் கணித மேதைக்கும், செவ்ரானில் இரண்டு அறை வீட்டில் இருக்கிற எனக்கும் என்ன முறை இருக்கப்போகிறது? பள்ளிக்கூடத்தில் அவருடைய தேற்றத்தை எழுதத் தெரியாமல் வாங்கிய அடிதான் எங்களுக்குள் இருந்த ஒரே உறவு.

கடைசிப் பயணத்துக்கு ஒரு கோட்டு

மணவறைத் தூண் சரிந்த கதையை எழுதியதிலிருந்து, "உங்கள் கடையில் ஒன்றுமே ஒழுங்காக நடக்காதா?" என்று வாசகர்கள் கேட்கிறார்கள். நடக்கும். அதையெல்லாம் எழுதினால் யார் வாசிப்பது?

இன்றைக்குத்தான் இந்தத் தொடருக்குள் வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். லா சப்பலில் என்னுடையது ஒரு சின்ன அச்சகம். கலியாண அட்டை, சாமத்திய வீட்டு அழைப்பிதழ், சாப்பாட்டுக் கடைகளின் விலைப் பட்டியல் எல்லாம் அடிக்கிறோம். ஆனால் கடையைத் தாங்குவது மரண அறிவித்தல்தான்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு சாவு தொலைபேசியில் வந்தால் அது வதந்தி. கடைக் கண்ணாடியில் ஒட்டினால்தான் சாவு. கத்தரிக்காய் வாங்க வந்தவர் கண்ணாடிக்கு முன்னால் நிற்பார். பிறந்த ஊர், இருந்த ஊர், ஆருடைய மகன், ஆருடைய மாப்பிள்ளை என்று கடைசி வரி வரைக்கும் வாசிப்பார். "அட, இவரோ! போன மாசமும் கண்டனான்" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போவார்.

இதையெல்லாம் கணினியில் அமைத்துத் தருகிறவர் தேவன் அண்ணை. தங்கமான மனுசன், வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டால் நாக்கு தேய்ந்துவிடும் என்று நினைக்கிறவர். அவரிடம் ஒரு வழக்கம். படத்தில் இருப்பவர் சாரம் கட்டியிருந்தாலும் பெனியனோடு நின்றாலும் அவருக்கு ஒரு கோட்டுப் போட்டுவிடுவார். "கடைசிப் பயணம், தங்கச்சி. மரியாதையாய்ப் போகட்டும்."

கோட்டு ஒன்றுதான். அவர் கணினியில் இருக்கிற ஒரே கோட்டு. பரிஸில் போய்ச் சேர்ந்த எங்கள் ஆம்பிளைகள் எல்லோரும் அதே கோட்டையும் அதே நீலக் கழுத்துப்பட்டியையும் போட்டுக்கொண்டுதான் சிவபதம் அடைந்திருக்கிறார்கள். "எங்கடை ஆளிட்டை உப்பிடி ஒரு கோட்டு இருக்கேல்லையே?" என்று ஒரு மனைவி கேட்டதற்கு, "இப்ப இருக்கு" என்று சொல்லி அனுப்பியவர் இவர்.

சிந்துவின் சனிக்கிழமை

இனி என் மகள் சிந்துவுக்கு வருகிறேன். இங்கே பிறந்தவள். ஒரு லிசேயில் பெரிய பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற ப்ரோஃப். நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் மறுமொழி சொல்வாள். எங்கள் வீட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் பேச்சுவார்த்தை நடக்கிறது.

அப்படிப்பட்டவள் ஒருநாள் வந்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பின் அறையில் தமிழில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. அன்றைக்கு என்னவோ தமிழில் சொன்னாள். "சின்னனிலை நான் குசினி மேசையிலை இருந்து கணக்குச் செய்யேக்கை, நீங்கள் பக்கத்திலை நிண்டு பார்ப்பியள். ஒருநாளும் உங்களுக்கு விளங்கினதில்லை. எனக்கும் சொல்லத் தெரியேல்லை. மற்றப் பிள்ளையளுக்கு அப்பிடி இருக்கக் கூடாது."

நான் அந்த இடத்திலேயே மசிந்துவிட்டேன். ஆனால் பள்ளிக்கூட நிர்வாகத் தலைவர் மசியவில்லை. அந்த அறையை அவர் ஏற்கெனவே சினிமா நடன வகுப்புக்கு மனதுக்குள் கொடுத்துவிட்டார். "தங்கச்சியின்ரை தமிழ் காணாது. ஒரு மண்டபம் சனத்தை அரை மணித்தியாலம் தமிழிலை கதைச்சு இருத்திக் காட்டட்டும். சனம் எழும்பிப் போனால் அறை நடனத்துக்கு" என்றார்.

சிந்து விடுவாளா? மண்டபம் எடுத்தாள். "பைதகரஸ்: வாழ்வும் பணியும்" என்று தலைப்பு வைத்தாள். எல்லா விவரத்தையும் பிரெஞ்சில் எழுதி, ஒரு சிலையின் படத்தோடு கடைத் தொலைபேசிக்கு அனுப்பினாள். நான் வீட்டில் காய்ச்சலோடு கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டிருந்தேன். கடையில் தேவன் அண்ணை மட்டும்.

படம், பெயர், பிறந்த ஊர், இருந்த ஊர், தாய் தகப்பன், மனைவி, மகள், மண்டபம், சனிக்கிழமை. "இவ்வளவும் வந்தாப் பிறகு மனுசன் வேறை என்னத்தை நினைக்கிறது?" என்று பிறகு என்னையே கேட்டார் அண்ணை. அவர் அடித்தது இதுதான்:

*சாமோஸ்தீவைப் பிறப்பிடமாகவும், இத்தாலி குரோத்தோனை வதிவிடமாகவும் கொண்ட திரு. மினசார்க்கஸ் பைதகரஸ் அவர்கள் இறைபதம் எய்தினார். அன்னார் காலஞ்சென்ற மினசார்க்கஸ், பைதைஸ் தம்பதிகளின் அன்பு மகனும், தேயானோவின் பாசமிகு கணவரும், டாமோவின் ஆருயிர்த் தந்தையும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். அஞ்சலிக் கூட்டம் சனிக்கிழமை மாலை கீழ்க்காணும் மண்டபத்தில் நடைபெறும். தகவல்: சிந்து.*

"அண்ணை, பைதகரஸ் எண்ட பேரை நீங்கள் கேள்விப்பட்டதே இல்லையோ?"

"கேள்விப்பட்டனான்தான். எங்கடை ஆக்கள் பிள்ளையளுக்கு லெனின், காந்தி எண்டு வைக்கேல்லையோ? கணக்கு வாத்தியின்ரை மகனாக்கும் எண்டு நினைச்சன்."

"முகத்தைப் பார்த்தால் கல்லெண்டு தெரியேல்லையோ?"

"வெளிறிப்போய்க் கிடந்தது. பாவம், வருத்தக்காரன் எண்டு கொஞ்சம் நிறம் குடுத்தன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிப் போன கதை கேட்டிருக்கிறேன். குரங்குக்குக் கோட்டும் போட்டு ஊர் முழுக்க ஒட்டியதை அன்றைக்குத்தான் கண்டேன்.

தீவுப்பகுதி ஆள்

கடையைத் திறந்தது முதல் தொலைபேசி ஓயவில்லை.

"எப்ப எடுக்கினம்?"

"பார்வைக்கு எங்கை வைக்கினம்?"

"சாமோஸ்தீவு எண்டால் எங்கை? நெடுந்தீவுக்கு அங்காலையோ?"

நான் உண்மையைச் சொல்லாமல் இல்லை. சொன்னேன். "அது கிரேக்கத்திலை இருக்கிற தீவு" என்றேன். "ஓ, கிரேக்கத்துக்காலை வந்து பிறகு இத்தாலியிலை வதிவிடக் கார்ட் எடுத்தவராக்கும்" என்று முடித்துவிட்டார் பியர்ஃபித்திலிருந்து பேசியவர். அகதிப் பாதை அவருக்குத் தெரியாததா? அவரும் அந்த வழியால் வந்தவர்தான். இன்னொருவர் இத்தாலியில், பலெர்மோவில் இருக்கிற மச்சானிடம் விசாரித்துவிட்டாராம். மச்சானுக்கு ஆளை நேரில் தெரியாதாம், ஆனால் நல்ல மனுசன் என்று கேள்விப்பட்டாராம்.

சரி, கிழித்துவிடுவோம் என்று மரக்கறிக் கடைக்குப் போனேன். கண்ணாடியில் கை வைத்தேன். கடைக்காரர் பதறிக்கொண்டு குறுக்கே வந்தார்.

"அக்கா, என்ன செய்யிறியள்? சாவு அறிவித்தலைக் கிழிக்கிறதோ? முப்பத்தொண்டாம் நாள் முடியாமல் தொடக் கூடாது. கடைக்கும் கூடாது, குடும்பத்துக்கும் கூடாது."

"தம்பி, இந்தாள் செத்து எத்தினையோ நூற்றாண்டு."

"எண்டாலும் நேற்றுத்தானே ஒட்டினது."

அடுத்த கடைக்குப் போனேன். தெருவில் ஒரு கடைக்காரரும் விடவில்லை. புடைவைக் கடையில் எனக்கு ஒரு தேத்தண்ணி தந்து, "துக்கத்திலை ஆக்கள் இப்பிடித்தான் கதைப்பினம்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

மத்தியானம் சிந்து வந்தாள். அவளுடைய தொலைபேசியும் காலையிலிருந்து அழுதபடி இருந்ததாம். பிரெஞ்சில் வெடித்தாள். மெற்றோ பாலத்தில் போன சத்தமும் அவளுடைய சத்தமும் ஒன்றுக்கொன்று போட்டி. தேவன் அண்ணை கணினிக்குப் பின்னால் குனிந்துவிட்டார். கத்தி ஓய்ந்து, கதிரையில் இருந்து, கண்ணைத் துடைத்தாள்.

"நாளைக்கு நிப்பாட்டிப் போடுவம், பிள்ளை" என்றேன்.

"நிப்பாட்டினால் அறை போச்சு" என்றாள். அதையும் பிரெஞ்சில்தான் சொன்னாள்.

தலைவர் பேசுகிறார்

சனிக்கிழமை பின்னேரம் மண்டபத்துக்குள் போனேன். நிரம்பி வழிந்தது. வெள்ளைச் சேலை, கறுப்புக் கோட்டு, ஈரச் சப்பாத்து, சாம்பிராணி வாசம். "எங்கடை ஊர் ஆள்" என்று நம்பித் தீவுப்பகுதி ஆட்கள் மலர்வளையம் கொண்டுவந்து சாத்தியிருந்தார்கள். முன் வரிசையில் மணி அக்கா. பரிஸில் எந்தச் செத்த வீட்டிலும் ஒப்பாரி வைக்க முதல் ஆளாக வருகிறவர் அவர். இறந்தவரைத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

சிந்து கணக்கு மாலை என்று நினைத்துப் பெரிய தட்டுகளில் சதுரமாக வெட்டிய கேசரி எடுப்பித்திருந்தாள். மணி அக்கா அதை எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை, செத்த வீட்டிலை கேசரியோ!"

சிந்து ஒலிவாங்கியைப் பிடிப்பதற்குள் தலைவர் பிடித்துவிட்டார். அறையைத் தரமாட்டேன் என்ற அதே தலைவர்தான். லா சப்பலில் எந்தச் சாவென்றாலும் இரங்கல் உரை அவருடையது. ஒலிவாங்கியும் மலர்மாலையும் ஒன்றாகக் கண்டால் அவருக்குக் கை நிற்காது.

"அன்னாரை நான் நீண்ட காலமாக அறிவேன்" என்று தொடங்கினார். "எளிமையான மனிதர். இத்தாலியில் அன்னாரின் இல்லத்தில் ஆட்டிறைச்சிக் கறியோடு புட்டு உண்ட அந்த நாளை என்னால் மறக்க முடியாது. தம் கையாலேயே பரிமாறினார். 'அண்ணை, இன்னும் கொஞ்சம் இறைச்சி போடட்டோ?' என்று கேட்ட அந்தக் குரல் இன்னும் என் காதுகளில்..."

மணி அக்கா விசும்பத் தொடங்கிவிட்டார். தலைவரும் கைலேஞ்சியை எடுத்தார்.

சிந்து மேடையில் ஏறினாள். ஒலிவாங்கியை மெதுவாக அவரிடமிருந்து வாங்கினாள்.

"அவர் மச்சம், இறைச்சி ஒண்டும் சாப்பிடமாட்டார் எண்டுதான் சொல்லுவினம்" என்றாள்.

தலைவர் கைலேஞ்சியை இறக்கினார். சிந்து சனத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஒரு பிழை நடந்துபோச்சு. இவர் இப்ப சாகேல்லை. செத்து ரெண்டாயிரத்தைந்நூறு வருசம் வரும். இவர் தேற்றம் சொன்ன பைதகரஸ்."

பின்னாலிருந்து ஒருவர் எழும்பினார். சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவர். "அப்ப நான் வேலைக்கு லீவு போட்டு வந்தது ஆருக்கு?" இன்னும் சிலர் எழும்பினார்கள். கதிரைகள் இழுபட்டன. சனம் வாசலுக்குப் போனால் பிள்ளையின் அறையும் அதோடு போகும். நான் கதவில் போய் நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் வந்தவர்களைக் கும்பிட்டேன்.

அப்போது மணி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அது கிடக்கட்டும். என்னெண்டு செத்தவர்?"

வாசலுக்கு வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். எத்தனை வருஷம் போனால் என்ன, எப்படிச் செத்தார் என்று தெரியாமல் எங்கள் ஆட்கள் ஒருநாளும் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

ஒரு பயற்றங்காய்க்காக

"கதை ஒண்டு இருக்கு. உண்மையோ தெரியாது" என்றாள் சிந்து. தமிழ் முதலில் தடக்கியது. ஒரு சொல்லுக்கு மேலே பார்த்தாள், இன்னொன்றுக்கு என்னைப் பார்த்தாள். "அவருக்கு எதிரியள் இருந்தவை. அவை வீட்டுக்கு நெருப்பு வைக்க, இவர் ஓடினவராம். வழியிலை ஒரு அவரைத் தோட்டம். இவர் அவரை, பயறு ஒண்டும் தொடமாட்டார். அது பாவம் எண்டு நினைச்சவர். தோட்டத்துக்காலை ஓடியிருந்தால் தப்பியிருக்கலாம். செடியை மிதிக்கமாட்டன் எண்டு நிண்டிட்டாராம். பிடிச்சுக் கொலை செய்துபோட்டினம்."

"ஐயோ ராசா!" என்று மணி அக்கா நெஞ்சில் அடித்தார். "ஒரு பயற்றங்காய்க்காகவோ போனாய்!"

எழும்பியவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு கேள்வி நிற்கவில்லை. மனுசி என்ன செய்தவ? அவவும் கணக்குத் தெரிஞ்சவ எண்டுதான் சொல்லுவினம். சமயம்? மறுபிறப்பை நம்பினவர். ஒருக்கா ஆரோ ஒரு நாயை அடிக்க, "அடியாதை, செத்துப்போன என்ரை சிநேகிதன்ரை குரல் கேக்குது" எண்டு மறிச்சவராம். "அப்ப சைவம்தான்!" என்று மண்டபம் ஏகமனதாகத் தீர்மானித்தது. "இப்ப எங்கை பிறந்திருப்பார்?" என்று ஒரு பெண் கேட்டார். சிந்து அடுத்த கேள்விக்குத் திரும்பினாள்.

"ஏதும் எழுதி வைச்சவரோ?"

"இல்லை. அவர் எழுதின ஒரு வரியும் எங்களிட்டை இல்லை. அவரைப் பற்றி நாங்கள் கேக்கிற கதையளிலை கனக்க, அவரை ஒருநாளும் காணாத ஆக்கள் பிறகு சொன்னது."

மண்டபம் முழுக்கத் தலைவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் கைலேஞ்சியை மிகக் கவனமாக நான்காக மடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தேற்றம் கூட அவருக்கு முந்தியே தெரியும். பாபிலோனிலை தெரியும். இந்தியாவிலை யாககுண்டம் கட்டின ஆக்களுக்கும் தெரியும் எண்டுதான் நினைக்கினம்."

"பிறகென்னத்துக்கு அவரின்ரை பேர்?" என்று சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவர் கோபப்பட்டார். லீவு போட்டு வந்தவர் பாருங்கள், உரிமை இருக்கிறது.

"வாங்கோ, காட்டுறன்" என்றாள் சிந்து.

மேசை விரிப்பில் நாடா ஒட்டி ஒரு செங்கோண முக்கோணம் போட்டாள். ஒரு பக்கம் மூன்று கேசரித் துண்டு நீளம், அடுத்த பக்கம் நான்கு, சரிந்த நெடிய பக்கம் ஐந்து. சின்னப் பக்கங்கள் இரண்டிலும் கேசரியை அடுக்கிச் சதுரமாக்கினாள். ஒன்றில் ஒன்பது, மற்றதில் பதினாறு. "இப்ப இந்த ரெண்டையும் எடுத்து நெடிய பக்கத்திலை சதுரமாய் அடுக்குங்கோ. ஒண்டும் மிஞ்சாது, ஒண்டும் குறையாது. இதுதான்."

சனம் மேசையைச் சுற்றி மொய்த்தது. மணி அக்காதான் அடுக்கினார். வரிசைக்கு ஐந்து. கடைசி மூலையில் ஒரு துண்டு இல்லை.

"பிழைச்சுப் போச்சே!" என்றார் ஒருவர்.

"பைதகரஸ் பிழைக்கேல்லை. ஆரோ ஒண்டைத் தின்னுட்டினம்" என்றாள் சிந்து. முகத்தில் சிரிப்பு இல்லை.

எல்லாருமே ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். தலைவரின் மீசையில் கேசரியின் கஜுப் பருப்பு ஒன்று ஒட்டியிருந்தது.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. மலர்வளையம் சரிந்து விழுந்ததையும் ஒருவரும் பார்க்கவில்லை. சிந்து தட்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து மூலையில் வைத்தாள். சதுரம் நிறைந்தது.

எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் இந்தத் தேற்றத்தை நான் பாடமாக்கினேன், எழுதினேன், அடி வாங்கினேன். அது எதைச் சொல்கிறது என்று அன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சதுரம் என்றால் உண்மையிலேயே சதுரம்! இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லையே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அரை மணித்தியாலம் எப்போதோ தாண்டிவிட்டது. ஒரு சனம் வெளியே போகவில்லை. தாய்மார் சிந்துவைச் சுற்றி நின்று, வகுப்பு எத்தனை மணிக்கு, பிள்ளைகளோடு நாங்களும் வந்து இருக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் மீசையைத் துடைத்துக்கொண்டு திரும்ப ஒலிவாங்கிக்கு வந்தார். ஆட்டிறைச்சிக் கதைக்குப் பிறகு அந்த மனுசனுக்கு வேறு வழி இருக்கவில்லை. "அன்னார் விட்டுச் சென்ற பணி," என்று தொண்டையைச் செருமினார், "ஒவ்வொரு சனிக்கிழமையும் எமது பள்ளிக்கூடத்தின் பின் அறையில் தொடர்ந்து நடைபெறும்."

சாவு என்று வந்த சனத்துக்குக் கை தட்டலாமா கூடாதா என்று தெரியவில்லை. யாரோ "நமப் பார்வதி பதயே" என்றார்கள். மண்டபமே "அரகர மகாதேவா" என்று அதிர்ந்தது.

சிந்து மேடையிலிருந்து இறங்கிக் கூட்டத்தை விலத்திக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். கையெல்லாம் கேசரி நெய்.

"அம்மா, விளங்கினதோ?" என்று கேட்டாள். தமிழில்.

"ஓம் பிள்ளை. விளங்கினது" என்றேன். அதோடு உடைந்துவிட்டேன்.

அவ்வளவுதான். வெள்ளைச் சேலைகள் எல்லாம் என்னைச் சூழ்ந்துகொண்டன. ஒருவர் முதுகைத் தடவினார், ஒருவர் தண்ணீர் நீட்டினார். மணி அக்கா என்னைக் கட்டிப் பிடித்து, தானும் பெரிதாக அழத் தொடங்கினார்.

"அழு பிள்ளை, அடக்கி வையாதை. எத்தினை ஆயிரம் வருசம் போனாலும் இழப்பு இழப்புத்தானே."

"ஓம் அக்கா" என்று அவர் தோளில் சாய்ந்து வடிவாக அழுதேன்.